ஓராண்டுத் தலைமைக்கு எது கணக்கு?

(இராயப்பேட்டையில் வழக்குரைஞர்களிடையே ஆற்றப்பெற்ற பொழிவு)

 

வட்டார வழக்குரைஞர் கழகம் ஒன்றன் தலைவர்க்கு ஓராண்டு முடிகின்றது என்று கொள்க. மாலையும் பொன்னாடையும் காத்திருக்கும். வரவு செலவு படிக்கப்பெறும். கைதட்டல் எழும். அடுத்தவர் வந்து இருக்கையில் அமர்வார். ஆண்டு முடிந்தது, கணக்கு முடிந்ததா?

தலைமைக்குக் கணக்குக் கேட்பது தமிழ்நிலத்துக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்றவை. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்ற வாரியத்தார்க்கு 360 நாளே பணிக்காலம். பணியிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமன்று, அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் மீண்டும் குடத்தில் இடப்பெறாது. அது வேதியர் ஊர். நிலமும் வேத அறிவும் உடையார்க்கே அங்கு இடமிருந்தது. அக்குறையை மறைப்பதற்கில்லை. எனினும், ஓராண்டு தலைமை தாங்கினவர் கணக்குக் காட்டியே தீரவேண்டும் என்னும் நெறி கல்லில் நின்றது.

வழக்குரைஞர் கழகத்தின் கணக்கு யாது? நூலகத்துக்கு நூல் வாங்கியது ஒரு கணக்கு. 1987-ஆம் ஆண்டின் வழக்குரைஞர் நல நிதிச் சட்டப்படி மறைந்தவர் குடும்பத்துக்கு உதவி கிடைக்க ஓடியாடியது ஒரு கணக்கு. இளையோர்க்கு அமர ஓர் இருக்கை பெற்றுத் தந்தது ஒரு கணக்கு. இவை அனைத்தும் வேண்டுவனவே. ஆனால், எவர் பொருட்டு வழக்கும் மன்றமும் கழகமும் இருக்கின்றனவோ, அக்கட்சிக்காரர் இக்கணக்கில் எங்கே?

இராயப்பேட்டையில் தானி ஓட்டிப் பிழைக்கும் ஒருவர்மேல் வழக்கு என்று கொள்க. ஒருநாள் கூலியை இழந்து எழும்பூர் மன்றத்துக்குப் போகின்றார். கூண்டில் நிற்கின்றார். அவர் தலைக்குமேல் ஆங்கிலம் பறக்கின்றது. பேசப்படுவது அவருடைய விடுதலை. அவர்க்கு மட்டும் அது விளங்கவில்லை. வெளியே வந்து, "என்ன ஆயிற்று?" என்று கேட்கின்றார். "வாய்தா" என்று ஒரு சொல் விடையாகக் கிடைக்கின்றது. அச்சொல்லும் தமிழன்று!

வக்கீல், வாய்தா, சாமீன், அமீனா, நகல் என்பன அரபு வழி வந்தவை. பழைய ஆட்சியர் விட்டுச் சென்றவை. அவற்றின்மேல் வெள்ளையர் தம் மொழியை அடுக்கினர். ஆண்டவர் மாறுந்தோறும் மன்றத்தின் மொழி மாறியது. கூண்டில் நின்றவன் மொழிக்கு மட்டும் முறை வரவில்லை. வழக்குரைஞர், ஒத்திவைப்பு, பிணை, படி என்னும் சொற்கள் இன்று இல்லாமலா போயின? சொல் இருக்கின்றது, சொல்லும் வாய்தான் தயங்குகின்றது.

தில்லி தடுக்கின்றது என்பது உண்மை. அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு, குடியரசுத் தலைவரின் முன்னிசைவுடன் மாநில மொழியை உயர் அறமன்றத்தில் (உயர்நீதிமன்றத்தில்) வழங்க இடந்தருகின்றது. அவ்வழியே இராசத்தானம் 1950-இலும், உத்தரப்பிரதேசம் 1969-இலும், மத்தியப்பிரதேசம் 1971-இலும், பீகார் 1972-இலும் இந்திக்கு இசைவு பெற்றன. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 திசம்பர் 6-ஆம் நாள் தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2010 சூனில் மதுரையில் வழக்குரைஞர்கள் உண்ணாநோன்பிருந்தனர். 2012 அற்றோபர் 11-ஆம் நாள் தில்லித் தலைமை அறமன்ற (உச்சநீதிமன்ற) நடுவர்கள் கூடி, ஏற்பதற்கில்லை என்று முடிவு செய்தனர். இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு மூடப்பெற்றது. இலங்கையிலோ, 1988-ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் வடக்கு, கிழக்கு மன்றங்களுக்குத் தமிழை எழுத்திலேனும் மொழியாக்கிற்று. தமிழர் குருதி சிந்திய அந்நாட்டின் சட்டத்தில் உள்ள அளவுகூட இங்கு உயர் அறமன்றத்தில் இல்லை!

ஆனால், தில்லியை மட்டும் பழித்து அமைவது எளிது. 1956-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் செய்யப்பெற்ற திருத்தம், கீழமை மன்றங்களில் சான்றுரையும் தீர்ப்பும் தமிழில் அமைய வழி திறந்தது. ஆங்கிலத்துக்கு விலக்களிக்கும் இடமும் அதனுள் உண்டு, அவ்விலக்கே வழக்கமாகிவிட்டது. எழும்பூரிலும் சைதாப்பேட்டையிலும் தமிழில் முறையீடு எழுதுவதைத் தில்லியா தடுக்கின்றது? எழுதுகோல் யார் கையில் இருக்கின்றது?

"சட்டத்தைத் தமிழில் சொல்ல இயலாது" என்பர். இதற்கு விடை இராயப்பேட்டையிலேயே உண்டு. இங்கு வாழ்ந்தவர் திரு.வி.க.; இங்குள்ள வெசுலி கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அரசியலைத் தமிழில் பேச இயலாது என்றிருந்த காலத்தில், 1917-இல் 'தேசபக்தன்' இதழாசிரியராய் அமர்ந்து அதனைத் தமிழில் எழுதிக் காட்டினார். 1918 ஏப்பிரல் 27-ஆம் நாள் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் ஆலைத் தொழிலாளர்க்கு அவர்தம் உரிமையை அவர்தம் மொழியில் எடுத்துரைத்தார். இயலாது என்றவர் வாய் அடங்கிற்று.

அவர்க்கும் முன்னரே, மாயூரம் முன்சீப்பு வேதநாயகர் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கி நூலாக்கினார். 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் அதன் பெயர் வடசொல். செயலோ தமிழ்ச் செயல். அத்துணை ஆண்டுத் தீர்ப்புகளை ஒருவர் தமிழாக்கினார். ஒரு கழகத்தார் ஒன்றுகூடி ஒரு முறையீட்டைத் தமிழில் எழுதலாகாதா?

மன்றப் புறக்கணிப்பும் கணக்கில் வரவேண்டும். ஈழத்தமிழர் கொல்லப்பட்ட 2009-இல் வழக்குரைஞர் மன்றம் புகாது நின்றனர். பிப்பிரவரி 19-ஆம் நாள் உயர் அறமன்ற வளாகத்திலேயே காவலர் தடிக்கு ஆளாயினர். அவ்வீரம் மறக்கற்பாலதன்று. ஆனால், சிறுசிறு பூசலுக்கெல்லாம் மன்றம் புகாதிருந்தால், சிறையில் பிணைக்குக் காத்திருப்பவனுக்கு யார் விடை சொல்வது? 2002-இல் தலைமை அறமன்றம் வழக்குரைஞர்க்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. அத்தீர்ப்பினும் கடுமையானது அவன் தாயின் கேள்வி.

ஆகவே, ஓராண்டுத் தலைவர் செய்யத்தக்கன அரியவை அல்ல. பிணை வேண்டுகை, வழக்குரை, எதிருரை ஆகியவற்றுக்குத் தமிழ்ப் படிவங்களைத் தொகுத்து நூலகத்தில் வைத்தல். அரசு வெளியிடும் 'தீர்ப்புத் திரட்டு' இதழை இளையோர் கையில் கொடுத்தல். திங்களுக்கு ஒரு மாலையேனும் தமிழில் வரைவு எழுதப் பழக்குதல். கழகக் குறிப்பேட்டையும் அறிவிப்பையும் தமிழில் எழுதுதல். திங்கள்தோறும் உறுப்பினர் தமிழில் அளித்த முறையீடுகளை எண்ணி, அவ்வெண்ணைப் பொதுக்கூட்டத்தில் படித்தல். முதல் திங்களில் அது மூன்றாயிருக்கலாம், நாணவேண்டா. மூன்று என்று படித்தால்தான் அடுத்த திங்கள் முப்பதுக்கு முயல்வர்.

வழக்குரைஞர்களே! மாலை வாடும், பொன்னாடை மங்கும். கூண்டில் நின்றவன் தன் வழக்கைத் தன் காதால் கேட்டுத் தன் மொழியில் விளங்கிக்கொண்டு வெளிவந்தானாயின், அதுவே ஓராண்டின் வரவு. மற்றவையெல்லாம் செலவே.

ஓலை காத்திருக்கின்றது. கணக்கொடு வருக! மன்றம் ஏறுக தமிழ்!