உட்கார்ந்து அடிப்பவன்

(அம்பத்தூரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பறையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இவன் அமெரிக்க ஜாஸைப் போட்டுக் காட்டுகிறானே என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் இப்போது கேட்டது, மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழு 1967இல் பதிவுசெய்த 'நெஃபெர்டிடி' இசைத்தட்டின் முதல் பாட்டு. ஐவரும் கறுப்பினத்தவர். ஜாஸில் வழக்கம் என்ன? முதலில் மெட்டு, பிறகு டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஆளுக்கொரு சுற்று தம் கற்பனையைக் காட்டும், டிரம்ஸ் பின்னால் தாளம் பிடிக்கும். இந்தப் பாட்டில் அது தலைகீழ். டேவிஸும் வெய்ன் ஷார்ட்டரும் அதே மெட்டைத் திரும்பத் திரும்ப ஊதுகிறார்கள், அவ்வளவுதான். கிட்டத்தட்ட எட்டு நிமிடமும் அடியில் கொதிப்பது டோனி வில்லியம்ஸின் டிரம்ஸ். அப்போது அவருக்கு வயது 21. உலகப் புகழ்பெற்ற தலைவர் ஒதுங்கி வழிவிடுகிறார். அந்தத் தட்டில் அவர் இயற்றிய மெட்டு ஒன்றுகூட இல்லை.

நம்மூர்க் கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பெயரே பக்கவாத்தியம். தனி ஆவர்த்தனம் தொடங்கினால் சபாவில் பாதிப் பேர் கேண்டீனுக்கு எழுந்துவிடுவார்கள். அதற்குத் தோல் பதப்படுத்திக் கட்டியவருக்குப் பக்கத்தில்கூட இடமில்லை.

1739இல் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றருகே, அடிமைகள் முரசு முழக்கிக் கிளர்ந்தார்கள். மறு ஆண்டே அடிமைகள் முரசு வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் வந்தது. அங்கே அடிக்காதே என்றார்கள். இங்கே அடித்தே ஆகவேண்டும் என்றார்கள். இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே சாட்டை.

என் தாத்தா பூந்தமல்லிப் பக்கம் சாவுக்குப் பறையடித்தவர். எஸ்டேட்டில் வேலை கிடைத்ததும் அப்பா அந்தப் பறையைப் பரணில் போட்டுவிட்டார். அதில் தவறே இல்லை. இழிவு சுமத்தும் வேலையை விடு என்றுதானே பாபாசாகேப் சொன்னார்? 2018 ஜனவரியில், ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்துக்காரர் பா. ரஞ்சித் முன்னெடுத்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கீழ்ப்பாக்கத்தில் முதல் முறை மேடையேறியது. பறையும் கானாவும் கிதாரும் ஒரே மேடையில். அதைப் பார்த்த பிறகுதான் பரணில் ஏறித் தேடினேன். தோல் கிழிந்து கிடந்தது.

இந்தப் பாட்டை அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இந்தப் பையன் உக்காந்து அடிக்கிறானா, நின்னுக்கிட்டா?"

உட்கார்ந்துதான் என்றேன்.

"எங்கப்பாவை ஒரு வீட்லயும் உக்காரச் சொல்லல."

மறுபடி ஒருமுறை போடுகிறேன். இந்தத் தடவை ஊதுவதை விட்டுவிட்டு அடியைக் கேளுங்கள்.