ஓரணாச் சிற்றுண்டி

பட்டணத்து ஜனங்களின் வரிப்பணத்தை எதற்குச் செலவிடலாம், எதற்குச் செலவிடலாகாது என்னும் விவாதம் பெரும்பாலும் தெருவிளக்கையும் சாக்கடையையும் சுற்றியே நடப்பதாயினும், குழந்தைகளின் பசியைப் பற்றியும் அது சென்னையில் நூறு வருஷங்களுக்கு முன்பே எழுந்ததுண்டு.

ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் பள்ளியில் படித்தவர்கள் பரம ஏழைகளின் பிள்ளைகள். வெறும் வயிற்றோடு வந்தவர்கள், அல்லது வராமலே நின்றுவிட்டவர்கள். அவர்களுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கலாமென்று, சர் பிட்டி தியாகராயர் தலைமையில் 1920-ஆம் வருஷம் நகரசபை தீர்மானித்தது. ரூபாயில் பதினாறில் ஒரு பங்குதான் அந்த ஓரணா! வேறு நான்கு பள்ளிகளுக்கும் இத்திட்டம் விரிந்தபின், 1922-23-இல் அவ்வைந்து பள்ளிகளிலும் 811 ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25-இல் 1,671 ஆக உயர்ந்தது.

ஆயினும், ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவு செய்யலாகாதென்று ஆங்கில சர்க்கார் ஆட்சேபித்தபடியால், 1925 ஏப்ரலில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. பசித்த பிள்ளைக்குச் சோறிடுவது கல்விச் செலவு அல்லவென்றால், வேறெதுதான் கல்விச் செலவு? கணக்குத் தலைப்பைக் காரணங்காட்டி உணவை நிறுத்தியது பெரும் அநீதி என்பதே என் திடமான அபிப்பிராயம்.

இன்று 200 வார்டுகள் கொண்ட சென்னை மாநகராட்சியில் ஆண்டுதோறும் பட்ஜெட் படிக்கிறார்கள். உங்கள் வார்டுப் பள்ளிக்கு அதில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கவுன்சிலரிடம் இந்த வாரமே கேளுங்கள்.