மீனுக்குச் சாட்சி வந்தது, மனிதனுக்கு?

(களனியில் நடைபெற்ற கூட்டமொன்றில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



களனி கங்கை பெருகி வடிந்த பின் கரையோர மக்கள் சும்மா இருப்பதில்லை. சேற்றை வாருகிறார்கள், கிணற்றை இறைக்கிறார்கள். கொரோனா என்னும் வெள்ளமும் வடிந்துவிட்டது. 2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை நீக்கியது. ஆனால், மனங்களிலே தங்கிய சேற்றை வாரினோமா?

2020 ஒக்டோபரை எண்ணிப் பாருங்கள். மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும், பின்னர் நமக்கு அண்மையிலுள்ள பேலியகொடை மீன் சந்தையிலும் நோய் பரவியது. மக்கள் மீன் வாங்கவே அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்க, நவம்பரில் முன்னாள் மீன்பிடித்துறை அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். மீனிற் குற்றமில்லையென்று சாட்சி சொல்ல ஒருவர் வந்தார். நோய் நீங்கி வீடு திரும்பிய தொழிலாளியிடத்துக் குற்றமில்லையென்று சாட்சி சொல்ல யார் வந்தார்?

இன்று அந்நோய்க்கு அஞ்சுவார் அரியர். ஆயினும், அன்று ஒதுக்கப்பட்டவர்களுட் சிலர் இன்றும் தாமே ஒதுங்கி வாழ்கின்றனர். உறக்கமின்மை, காரணமற்ற அச்சம், எதிலும் நாட்டமின்மை ஆகியவை கோழைத்தனமல்ல, நோயின் எச்சங்களே. ஒக்ஸ்போட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயிலிருந்து தப்பிய 236,000 பேருக்கு மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021 இல் முடிவை வெளியிட்டனர். ஆறு மாதத்துள் மூவரில் ஒருவருக்கு நரம்பு அல்லது மனம் சார்ந்த நோய் பதிவாகியிருந்தது.

இறந்தோரின் உற்றார் நிலை இன்னும் கொடிது. 2020 ஏப்ரல் முதல் ஏறத்தாழ ஓராண்டு காலம், கொரோனாவால் மாண்ட அனைவரையும் எரிக்க வேண்டுமென அரசு கட்டளையிட்டது. முஸ்லிம் சகோதரர் தம்மவரை அடக்கஞ் செய்யும் உரிமையை இழந்தனர். 2021 மார்ச்சிலேதான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 இல் அரசு மன்னிப்புக் கேட்டது. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் பெற்றோரின் முகத்தைக் கூடக் காணாது வழியனுப்பினர். அழுது தீர்க்காத துயரம் உறங்குவதில்லை, அன்பர்களே!

ஆகவே அரசிடம் ஒன்று கேட்கிறோம். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசிச் சேவையிலும், மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளிலும், இரவும் பகலும் தமிழில் செவிமடுப்போர் இருத்தல் வேண்டும். வயிற்றுவலியைப் பிறமொழியிற் சொல்லிவிடலாம். நெஞ்சத்து வேதனையைச் சொல்லத் தாய்மொழியே வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வெள்ளவத்தையிலோ, கொட்டாஞ்சேனையிலோ, உங்கள் ஊரிலோ, அன்று கதவடைத்த வீடொன்று இருக்கும். அங்கே செல்லுங்கள். அறிவுரை கூற வேண்டாம். அவர்கள் பேசினால் கேளுங்கள். அவர்கள் கையால் ஒரு கோப்பை தேநீர் வாங்கி அருந்துங்கள். மனிதனுக்காக நாம் சொல்லத் தவறிய சாட்சி அதுவே.