உப்புக்காற்றும் இசைமேடையும்



பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது எத்தாளைக் கிராமம். ஒருபுறம் புத்தளம் கடனீரேரி, மறுபுறம் பெருங்கடல், இடையிலே மணல்நிலம். இக்கரையோரத்து மக்களுக்கு உப்பின் இயல்பை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கடலிலிருந்து மீண்டதும் படகின் இயந்திரத்தை நன்னீரால் கழுவிவைப்பது மீனவர் அறிந்த பாடம். ஆயினும் விழாமேடையில் ஏறும் கீபோட் என்னும் மின்னிசைக் கருவியை அதே உப்பு என்ன செய்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

முன்னாளில் மேடைகளில் ஆர்மோனியம் ஆட்சி செலுத்தியது. அதன் பித்தளை நாக்கு ஒன்று பழுதுற்றால் ஒரு சுரமே ஊமையாகும், பாட்டு நில்லாது. பின்னர் மின்னிசைக் கருவிகள் வந்தன. 1970இல் வெளிவந்த மினிமூக், சூடு மாறுந்தோறும் சுருதி விலகும் குறையுடையது. ஆதலின் முன்கூட்டியே இயக்கிச் சூடேற்றி, அதன்பின் சுருதி சேர்ப்பது கலைஞர் வழக்கமாயிற்று. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தபின் எண்முறைக் கருவிகள் பெருகின. சுருதித் தொல்லை அகன்றது. வெப்பத்தின் தொல்லையோ கண்ணுக்குப் புலப்படாத உட்பாகங்களில் குடிபுகுந்தது.

இத்தகைய கருவிகள் பல, 5 முதல் 40 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் இயங்குமாறு ஆக்கப்பட்டவை. கரிய உடலையுடைய கருவி வெயிலில் கிடந்தால், நிழலில் காற்றின் வெப்பம் 33 பாகையாயினும் கருவியின் சூடு அவ்வெல்லையை எளிதிற் கடந்துவிடும். உள்ளேயுள்ள மின்பகு கொள்ளளவிகளின் ஆயுள், வெப்பம் 10 பாகை ஏறுந்தோறும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியியலார் கொள்ளும் கணக்கு. இன்று பாடிய கருவி அடுத்த ஆண்டு பாடாமற்போவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இதனினும் வஞ்சகமானது இரவின் ஈரம். பிற்பகலில் கருவியைச் சோதித்துப் பார்க்கின்றனர். எல்லாம் செவ்வனே இயங்குகிறது. இரவில் ஈரப்பதன் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்ததும், கட்டைகளின் கீழே படிந்த கடலுப்பு நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்குகிறது. தொடுமுனைகள் அரிக்கப்படுகின்றன. ஒரு கட்டை ஒலிக்க மறுக்கிறது. மற்றொன்று தொட்டதும் அலறுகிறது. பகலிற் பெற்ற நற்சான்று இரவிற் செல்லாததாகிவிடுகிறது.

இதற்கு மாற்று என்ன? பெருஞ்செலவு வேண்டியதில்லை. மேடையில் கருவியின் முதுகு கடற்காற்றை நோக்கியிருக்கட்டும். முறை வரும்வரை வெண்ணிறப் பருத்தித் துணியால் மூடி நிழலில் வைத்தல் நன்று. குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறக்கிய கருவியில் நீர்த்துளி அரும்பும். அது உலருமுன் மின்சாரம் தருதல் ஆகாது. உலர்ந்தபின் நிகழ்ச்சிக்கு ஒரு மணி முன்பே இயக்கிவைத்தால், உட்சூடே ஈரத்தை விலக்கும். மின்பிறப்பாக்கியின் அழுத்தம் 230 வோல்ட்டில் நிலைத்தபின்னரே இணைப்புத் தருக. மாற்று மின்னிணைப்பி ஒன்று கைவசம் இருத்தல் வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, சற்றே நனைந்த மென்துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் பெட்டியில் வைக்கவேண்டும். இறுதிப் பணி இதுவே. பலர் கைவிடுவதும் இதனையே.

சிற்றூர் இசைக்குழுவுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே கருவி. பலர் சேர்த்த பணத்தில் வாங்கிய அக்கருவி நடுப்பாட்டில் நின்றால், நாணி நிற்பது இயந்திரமன்று. மாதக்கணக்கில் ஒத்திகை செய்த சிறுமி. படகின் இயந்திரத்துக்குக் காட்டும் பரிவைப் பாட்டின் இயந்திரத்துக்கும் காட்டினால், அச்சிறுமியின் குரல் இறுதிவரை துணை பெறும்.