எல்.டி.ஹெச்: ஒரு ரத்த ரிப்போர்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

திண்டுக்கல்லில் இருந்தே ஆரம்பிக்கலாம். 2000-த்தில் இந்த மாவட்டத்துல ஒரு பெரிய ஆய்வு தொடங்குச்சு. 30 முதல் 59 வயசுப் பெண்களுக்கு, கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, அந்த இடம் வெள்ளையா மாறுதான்னு பயிற்சி பெற்ற நர்ஸுகள் பார்த்தாங்க. வினிகர்ல இருக்கற அதே அமிலம்தான். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: சோதனை நடந்த பகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைவு. யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தாங்கன்னு அம்பிளிக்கை புற்றுநோய்ப் பதிவகம் கணக்கு வச்சிருந்தது. அதனாலதான் இதை உறுதியாச் சொல்ல முடிஞ்சது.

மலிவான ஒரு அறிகுறி, அதோட யார் பிழைச்சாங்கங்கிற நேர்மையான கணக்கு. இந்த ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு டெஸ்ட்டுக்கு மதிப்பு.

இப்போ இம்யூனோதெரபி காலம். நம்ம டி செல்களுக்குப் போட்டிருக்கிற பிரேக்கை எடுத்துவிடற மருந்துகள். 2018 நோபல் பரிசு இதுக்குத்தான். ஆனா எல்லாருக்கும் வேலை செய்யாது, விலையும் லட்சக்கணக்கில். நிலத்தை விக்கலாமான்னு யோசிக்கிற குடும்பத்துக்கு ஒரே கேள்விதான்: “எங்க அப்பாவுக்குக் கேக்குமா?”

இங்கதான் எல்.டி.ஹெச் வருது. புற்றுநோய் செல்கள் ஆக்சிஜன் இருந்தாலும் சர்க்கரையை வேகமா உடைச்சு லாக்டேட்டா வெளியே தள்ளும். 1920-களில் ஓட்டோ வார்பர்க் கவனிச்சது இது. அந்த லாக்டேட் வேலையைச் செய்ற என்சைம்தான் எல்.டி.ஹெச். கட்டியைச் சுத்தி லாக்டேட் சேர்ந்தா டி செல்கள் சோர்ந்து போகும். மெலனோமாவில் நோய் பரவின பிறகு, ரத்தத்தில் இதோட அளவையும் சேர்த்துத்தான் ஸ்டேஜ் எழுதறாங்க.

2018-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எல்.டி.ஹெச்சையும் வெள்ளணுக்களோட விகிதத்தையும் சேர்த்து, நுரையீரல் புற்றுநோய்க்கு ‘லிபி’ன்னு ஒரு ஸ்கோர் போட்டாங்க. ரெண்டும் சரியா இருந்தவங்க இம்யூனோதெரபியில் அதிக நாள் வாழ்ந்தாங்க.

அப்போ இதை வச்சே மருந்தை முடிவு பண்ணலாமா? அவசரப்படாதீங்க. 2019-ல் பல டிரையல்களைச் சேர்த்துப் பார்த்தப்போ, நல்ல ஸ்கோர் இருந்தவங்க கீமோவிலும் அதிக நாள் வாழ்ந்தது தெரிஞ்சது. மண்ணு வளமா இருந்தா எந்த விதையும் நல்லா வரும். அதுக்காக இந்த விதைதான் உசத்தின்னு சொல்ல முடியாதே? நோய் எப்படிப் போகும்னு சொல்றது வேற. இந்த மருந்துதான் கேக்கும்னு சொல்றது வேற. விளம்பரங்கள்ல ரெண்டையும் குழப்புவாங்க.

இன்னொன்னு. எல்.டி.ஹெச் புற்றுநோய்க்கு மட்டும் கூடாது. கல்லீரல் பாதிப்பு, தசைக் காயம், ரத்தம் சிதையற நோய், எதிலும் கூடும். ஏன், எடுத்த ரத்தம் வழியில் குலுங்கி சிவப்பணுக்கள் உடைஞ்சாலே நம்பர் எகிறும். ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து மனசை விட்டுடாதீங்க. சந்தேகம் இருந்தா மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

செலவு பக்கம் ஒரு நல்ல செய்தி. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை, தலை-கழுத்துப் புற்றுநோய் முற்றின 151 பேர்கிட்ட ஒரு டிரையல் நடத்தியது. வழக்கமான மாத்திரை கீமோவோட வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்தாங்க. முழு டோஸில் பத்தில் ஒரு பங்கு கூட இல்ல. ஒரு வருஷம் உயிரோட இருந்தவங்க 16.3 சதவீதத்தில் இருந்து 43.4 சதவீதமா உயர்ந்தாங்க.

அதனால டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. இந்த டெஸ்ட் நோயோட போக்கைச் சொல்லுதா, மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவுதா? நம்பர் கூட வேற காரணம் இருக்கா? குறைந்த டோஸ் இந்த நோய்க்குப் பொருந்துமா? கேக்கக் கூச்சப்படாதீங்க.

வீட்ல யாருக்காவது இது தேவைப்படும்னு தோணுச்சுன்னா, இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.