பொது அறிவுத் தளங்களும் மறைமுக விளம்பரமும்

ஊதியம் பெறாத தொண்டர்களின் உழைப்பால் வளர்ந்தது விக்கிப்பீடியா. 2001 ஜனவரி 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற இக்கலைக்களஞ்சியத்தின் தமிழ்ப் பதிப்பு 2003ஆம் ஆண்டில் தோன்றியது. மாணவர் கட்டுரை எழுதவும், அலுவலர் குறிப்புத் தயாரிக்கவும் முதலில் நாடும் இடங்களுள் ஒன்றாக இன்று அது விளங்குகிறது. அதன் பக்கங்களில் விளம்பரம் கிடையாது. பெரும்பாலும் நன்கொடையைக் கொண்டே அது நடைபெறுகிறது.

இந்நிலை தானே அமைந்ததன்று. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தளத்தில் விளம்பரம் இடம்பெறக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. உடனே ஸ்பானிய மொழித் தொண்டர் பலர் பிரிந்து சென்று தனிக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினர். உழைப்பை இலவசமாக ஈந்தவர்கள், அதன் பயன் வணிகத்துக்குச் செல்வதை ஏற்கவில்லை.

முன்வாயில் அடைபட்டதால் விளம்பரம் பின்வாயிலை நாடியது. நிறுவனத்திடம் கூலி பெற்றவர் தொண்டரைப் போல எழுதுகிறார். குறைகளை நீக்கிப் புகழுரைகளைச் சேர்க்கிறார். ஒருவரே பல பெயர்களில் கணக்குத் தொடங்கி, தம் கூற்றைத் தாமே ஆதரிப்பதும் உண்டு. 2015ஆம் ஆண்டில் ஆங்கிலப் பதிப்பில் இத்தகைய 381 கணக்குகள் முடக்கப்பட்டன. அவை உருவாக்கிய 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. கட்டுரையை வெளியிடவும், பின்னர் அதைப் பாதுகாக்கவும் எனச் சிறு வணிகர்களிடமும் கலைஞர்களிடமும் பணம் கேட்கப்பட்டது. ஆகவே ஏமாந்தவர் வாசகர் மட்டுமல்லர்.

இதைத் தடுக்க விதிகள் உள்ளன. ஊதியம் பெற்று எழுதுவோர், அதனை அளிப்பவர் யார் என அறிவிக்க வேண்டும் என்பது 2014 ஜூன் மாதம் முதல் விக்கிமீடியா அறக்கட்டளையின் நிபந்தனை. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2022இல் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் நெறிமுறைகள் வெளிவந்தன. 2023 நவம்பரில் வெளியான மற்றொரு நெறிமுறை, நுகர்வோரை ஏமாற்றும் 13 இணைய உத்திகளைப் பட்டியலிட்டது. செய்தி போலவோ, பயனர் எழுதியது போலவோ உருமாறி வரும் விளம்பரமும் அவற்றுள் ஒன்று.

எனினும், விதி மட்டும் போதுமா? கண்காணிப்பவர்களும் தொண்டர்களே, அவர்களின் நேரத்துக்கு எல்லை உண்டு. எனவே வாசகரின் விழிப்பும் தேவை. ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாற்றுப் பக்கம் உண்டு; எவர், எப்போது, எதை மாற்றினார் என்பது அங்கே பதிவாகிறது. மேற்கோள்கள் நிறுவனத்தின் சொந்த அறிக்கைகளா, தொடர்பற்ற ஏடுகளா என்றும் பார்க்கலாம். தம் துறையைப் பற்றிய பிழையைக் காணும் அலுவலர், தாமே மறைவாகத் திருத்துதல் முறையன்று. உரையாடல் பக்கத்தில் தம் பொறுப்பைக் கூறி, சான்றுடன் திருத்தம் கோருவதே நேர்மை.

ஊரார் கூடித் தூர்வாரிய ஏரியில் ஒருவர் மட்டும் இரவில் மடை திறந்து தம் வயலுக்குப் பாய்ச்சினால், மறுநாள் மண்வெட்டியுடன் வர எவருக்கும் மனம் வராது. அந்த நம்பிக்கையைக் காப்பது, ஏரி நீரைப் பயன்படுத்தும் அனைவரின் கடமையாகும்.