கையெழுத்துப் போடும் கை

வழமையாக வருமானவரி பற்றிப் பேசுகிற நான், இன்று என் வலது கையைப் பற்றிப் பேசப்போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இரவு இரண்டு மணி, மூன்று மணிக்குக் கை விறைத்து எழும்பத் தொடங்கினேன். உதறினால் சுகமாகும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி விறைக்கும், சின்னவிரலுக்கு ஒன்றுமில்லை. இங்கே அவுஸ்திரேலியாவில் நிதியாண்டு ஜூன் 30இல் முடிய, எங்களுக்கு வேலை நெரிக்கும். "இந்த வரிக்காலம் முடியட்டும்" என்று மூன்று வருடம் தள்ளினேன். ஒருநாள் சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை. பூட்டிவிட்ட மனைவிதான், "இஞ்சை பாருங்கோ, பெருவிரலடிச் சதை வத்திப் போச்சு" என்றா.

இதுதான் கார்பல் டனல் நோய். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டிக்கும் இடையே ஒடுங்கிய சுரங்கம் ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளால் போகின்றன. உள்ளே அழுத்தம் கூடினால் நசிபடுவது நரம்புதான். நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, மூட்டுவாதம், கர்ப்பகாலம் ஆகியவற்றில் இது வரும் வாய்ப்பு அதிகம். நம்மவர் வீடுகளில் நீரிழிவுக்குக் குறைவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொடக்கத்தில் இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியும், சிலருக்கு ஸ்டீரொயிட் ஊசியும் உதவும். அதற்கு மேல் போனால் அந்த நார்ப்பட்டியை வெட்டி நரம்புக்கு இடம் கொடுக்க வேண்டும். பழைய முறையில் உள்ளங்கையில் சில சென்ரிமீற்றர் வெட்டுவார்கள். 1980களின் பிற்பகுதியில் ஜப்பானில் ஒகுட்சுவும் அமெரிக்காவில் சோவும் கமெராக் குழாய் மூலம் செய்யும் முறையை உருவாக்கினார்கள். இதில் மணிக்கட்டருகே ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வெட்டு. சில முறைகளில் உள்ளங்கையில் இன்னொரு சிறு வெட்டும் உண்டு.

எது நல்லது? கமெரா முறையில் பொதுவாகச் சில நாட்கள் முன்னதாக வேலைக்குத் திரும்பலாம். ஆனால் நரம்பில் தற்காலிகத் தொந்தரவு வரும் வாய்ப்பு அதில் சற்று அதிகம். சில மாதங்கள் போனபின் இரண்டு முறையிலும் கிடைக்கும் சுகம் ஏறக்குறைய ஒன்றுதான். வெளிக்காயம் சிறிதானாலும் உள்ளே வெட்டுவது அதே நார்ப்பட்டியைத்தான். ஆகவே உங்கள் வைத்தியருக்கு எந்த முறையில் நல்ல அனுபவம் என்று தயங்காமல் கேளுங்கள்.

எனக்குக் கமெரா முறையில் செய்தார்கள். கையை மட்டும் மரக்கச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாட்களிலேயே இரவில் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் வற்றிய சதை முழுமையாகத் திரும்பவில்லை. இன்றும் மேசையில் கிடக்கும் ஐந்து சத நாணயத்தை எடுக்க இடது கைதான் போகிறது. சத்திரசிகிச்சையில் குறையில்லை, நான் பிந்திப் போனதுதான் குறை.

நேயர்களே, வரிப்படிவம் பிந்தினால் தண்டம் கட்டிச் சரிசெய்யலாம். நரம்பு அப்படியில்லை. இரவில் கை விறைத்து எழும்புகிறீர்களா? இந்த வாரமே வைத்தியரிடம் காட்டுங்கள்.